மெய்நிகர் இயந்திரங்களின் பேரிடர் மீட்பு

அரசாங்க அலுவல்கள் யாவும் ஏடுகளை ஆதாரமாகக் கொண்டே நடைபெறுகின்றன. நிலத்தின் உரிமை, குழந்தையின் பிறப்பு, மாணவன் பெற்ற மதிப்பெண், முதியோருக்குரிய உதவித்தொகை ஆகிய எதுவும் ஏட்டில் பதிவாகாவிடின் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவேதான் முக்கியமான ஏடுகளுக்கு இரண்டாவது படி ஒன்று எடுத்து, அதனை வேறோர் அலுவலகத்தில் வைத்துக் காக்கும் வழக்கம் தோன்றிற்று. அவ்வழக்கத்தின் உட்பொருள் மிக எளியது. மூல ஏடும் அதன் படியும் ஒரே பீரோவில் இருக்குமாயின், தீப்பற்றும் நாளில் இரண்டும் ஒருங்கே அழியும்.

இன்று அவ்வேடுகளில் பல கணிப்பொறிகளுக்குள் சென்றுவிட்டன. அக்கணிப்பொறிகள் ஊர்தோறும் இல்லை. தரவு மையங்கள் எனப்படும் சில பெரிய கட்டடங்களில் குவிந்துள்ளன. அக்கட்டடங்களில் ஒன்று அழிந்தால் என்ன நேரும் என்பது கற்பனை வினா அன்று. தென்கொரியாவின் தேஜோன் நகரில் அந்நாட்டு அரசாங்கத்தின் தேசியத் தகவல் வள மையம் அமைந்துள்ளது. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, அதன் ஐந்தாம் மாடியில் லித்தியம் மின்கலங்களை வேறிடத்திற்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றியது. அரசாங்கத்தின் 647 கணினி முறைமைகள் செயலிழந்தன என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வெண் 709 எனத் திருத்தப்பட்டது. அவற்றுள் 96 முறைமைகள் நேரடியாகத் தீக்கிரையாயின. அரசு ஊழியர்கள் தம் அலுவல் தஸ்தாவேஜுகளைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் பொதுச் சேமிப்பகம் முற்றிலும் அழிந்தது. அதிலிருந்த தரவு 858 டெராபைட். கொள்ளளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியிடத்தில் படி ஏதும் வைக்கப்படவில்லை.

இத்தகைய இழப்பு நேராவண்ணம் காப்பதும், நேர்ந்தவிடத்து அலுவலை மீண்டும் எழச் செய்வதும் ‘பேரிடர் மீட்பு’ எனப்படும். அதன் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது. படி ஒன்று இருப்பது வேறு. அப்படியிலிருந்து அலுவல் மீண்டெழுவது வேறு. இவ்வேற்றுமையே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

1. மெய்நிகர் இயந்திரம் என்பது யாது?

தரவு மையத்திலுள்ள ஆற்றல்மிக்க கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். முற்காலத்தில் ஒரு சர்வர் ஓர் அலுவலுக்கே ஒதுக்கப்பட்டது. சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, தேர்வு முடிவுகளுக்கு ஒன்று என்ற முறையில் அவை அடுக்கப்பட்டன. அவற்றுள் பல, நாளின் பெரும்பகுதி வேலையின்றி நின்றன.

இக்குறையைத் தீர்க்கும் கருத்து 1960-களிலேயே பிறந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகள் போலத் தோற்றுவிக்கும் நிரலை உருவாக்கினர். 1972இல் அந்நிறுவனம் ‘வி.எம்./370’ என்ற பெயரில் அதனை வெளியிட்டது. இத்தகைய நிரலுக்கு இன்று ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயர். அஃது உண்மையான கணிப்பொறியின் நினைவகத்தையும் கணிக்கும் ஆற்றலையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு தனிக் கணிப்பொறியாக இயங்கச் செய்கிறது. இங்ஙனம் இயங்கும் ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் இயந்திரம். தன்னோடு வேறு இயந்திரங்கள் அதே வன்பொருளில் குடியிருப்பதை அஃது அறியாது.

பேரிடர் மீட்பைப் பொறுத்தவரை இதன் சிறப்பு யாதெனில், மெய்நிகர் இயந்திரத்தின் வட்டு முழுவதும் ஒரு கோப்பாகவே இருப்பதுதான். அதன் அமைப்பு விவரங்கள் மற்றொரு சிறு கோப்பில் அடங்கும். எனவே ஒரு முழுக் கணிப்பொறியையே, ஒரு கடிதத்தைப் படியெடுப்பது போலப் படியெடுத்து வேறு நகருக்கு அனுப்பலாம். பழைய முறையில் எரிந்த சர்வருக்கு ஈடாக அதே வகைச் சர்வர் கிடைக்கும்வரை காத்திருக்க நேரும். புதிய முறையிலோ, ஒத்த ஹைப்பர்வைசர் இயங்கும் எந்தச் சர்வரிலும் அவ்வியந்திரத்தை எழுப்பிவிடலாம். உயிர் ஒன்று, உடல் வேறு என்று ஆகிவிடுகிறது.

2. தரவு மையமும் மேகமும்

பல சர்வர்களையும் சேமிப்புக் கருவிகளையும் ஒன்றாக இணைத்து, தேவைப்படும் அளவு ஆற்றலை அவ்வப்போது பங்கிட்டு வழங்கும் ஏற்பாடு ‘மேகக் கணிமை’ எனப்படும். பெயர் மேகமாயினும் அது வானில் இல்லை. கதவும் பூட்டும், மின்சாரமும் குளிரூட்டியும், மின்கல அறையும் உடைய கட்டடங்களிலேயே இருக்கிறது. தீயும் வெள்ளமும் நிலநடுக்கமும் எந்தக் கட்டடத்தையும் தாக்கக்கூடும்.

இந்தியாவில் 1976இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம், டில்லி, புனே, ஹைதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் தேசியத் தரவு மையங்களை நடத்துகிறது. ‘மேகராஜ்’ என்னும் அரசாங்க மேகத் திட்டம் 2014இல் தொடங்கப்பட்டது. இந்நான்கு நகரங்களின் இருப்பிடத்தை நாட்டுப் படத்தில் நோக்குக. டில்லி வடக்கே, இமயத்திற்கு அணித்தாக, நிலநடுக்க அபாயம் மிகுந்த சமவெளியில் உள்ளது. ஹைதராபாத் தக்காணப் பீடபூமியின் பழம் பாறை மீது உள்ளது. புவனேசுவரம் புயல்கள் தாக்கும் கீழைக் கடற்கரையை அடுத்துள்ளது. புனே மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ளது. ஒரே இடர் இந்நான்கையும் ஒரே நாளில் தாக்குவது அரிது. மீட்புத் திட்டத்திற்கு இவ்வகைத் தொலைவே முதல் மூலதனம்.

ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்கள் இருப்பது போதுமானதன்று. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்னும் மேக நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று நள்ளிரவுக்குப் பின் தீப்பற்றி முற்றிலும் அழிந்தது. அதனை அடுத்திருந்த மற்றொரு மையமும் ஒரு பகுதி சேதமுற்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் தம் காப்புப் படிகளையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுள் பலர் மூலத்தையும் படியையும் ஒருங்கே இழந்தனர். ஒரே பீரோவில் இரண்டு ஏடு வைத்த கதையே இது.

3. இரண்டு அளவுகோல்கள்

மீட்புத் திட்டம் வகுப்போர் முதலில் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

முதல் வினா: எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழக்கப் பொறுக்கலாம்? இதற்கு ‘இழப்பு எல்லை’ எனப் பெயரிடலாம். ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.பி.ஓ. என்பர். நாள்தோறும் நள்ளிரவில் மட்டும் படியெடுக்கும் அலுவலகத்தில் மாலை 5 மணிக்குத் தீ நேர்ந்தால், அன்றைய பதிவுகள் யாவும் போய்விடும். அங்கு இழப்பு எல்லை 24 மணி.

இரண்டாம் வினா: எவ்வளவு நேரத்திற்குள் அலுவல் மீண்டும் தொடங்க வேண்டும்? இது ‘மீட்பு நேர எல்லை’, ஆர்.டி.ஓ. எனச் சுருக்குவர். போக்குவரத்து அலுவலகத்திற்கும் இப்பெயர் உண்டாயினும் இரண்டும் வேறு.

எல்லா அலுவலுக்கும் ஒரே எல்லை வைப்பது அறிவுடைமையன்று. பழைய ஆண்டறிக்கைகளைக் காட்டும் முறைமை இரண்டு நாள் நின்றாலும் பெருந்தீங்கில்லை. உதவித்தொகை வழங்கும் நாளில் பயனாளிகளின் பட்டியல் அரை நாள் கிட்டாமற் போனால், பல மைல் நடந்து வந்த முதியவர் வெறுங்கையுடன் திரும்புவார். எல்லை குறுகக் குறுகச் செலவு பெருகும். ஆகவே எந்த அலுவலுக்கு எந்த எல்லை என்பதைப் பொறியாளர் மட்டும் தீர்மானிக்கலாகாது. அந்த அலுவலால் மக்கள் அடையும் பயனை நேரிற் காண்போரின் கருத்தும் வேண்டும்.

4. படியெடுக்கும் முறைகள்

*அவ்வப்போது எடுக்கும் காப்புப் படி.* குறித்த நேரத்தில் இயந்திரத்தின் நிலையைப் பதிந்து வேறிடத்தில் வைப்பது. ‘ஸ்னாப்ஷாட்’ எனப்படும் கணநேரப் பதிவு இதற்குத் துணைபுரியும். ஆனால் கணநேரப் பதிவு பெரும்பாலும் மூல வட்டிலேயே இருப்பது. வட்டு எரிந்தால் அதுவும் எரியும். அதனை வெளியே கொண்டு சென்ற பின்னரே அது காப்புப் படியாகும்.

*பின்தொடர்ந்து படியெடுத்தல்.* முதல் மையத்தில் எழுதப்படுவது முதலில் அங்கேயே முடிவுறும். மாறிய பகுதிகள் மட்டும் சில விநாடிகளோ நிமிடங்களோ கழித்து மாற்று மையத்தை அடையும். இழப்பு எல்லை அந்த இடைவெளியே.

*உடனுக்குடன் படியெடுத்தல்.* ஒவ்வொரு பதிவும் இரண்டு மையங்களிலும் எழுதப்பட்ட பின்னரே ‘முடிந்தது’ என்று ஏற்கப்படும். இழப்பு ஏறத்தாழ இல்லை. ஆனால் இதற்கு இயற்கையே ஒரு வரம்பு விதித்துள்ளது.

ஒளி, கண்ணாடி இழையினுள் விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். டில்லிக்கும் ஹைதராபாத்துக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். செய்தி சென்று, ஏற்புச் செய்தி திரும்பிவர 2,500 கிலோமீட்டர், அதற்கு 12.5 மில்லி விநாடி வேண்டும். ஒரு பதிவு முடிந்த பின்பே அடுத்ததைத் தொடங்கும் முறைமை விநாடிக்கு 80 பதிவுகளுக்கு மேல் செய்ய இயலாது. மையங்களின் இடைவெளி 50 கிலோமீட்டராயின் சென்று திரும்ப அரை மில்லி விநாடியே ஆகும்; விநாடிக்கு 2,000 பதிவுகள் செய்யலாம். இழை நேர்கோட்டிற் செல்லாமையாலும், இடையிலுள்ள கருவிகளின் தாமதத்தாலும், உண்மையில் கிட்டுவது இதனினும் குறைவு.

எனவே அருகிலுள்ள மையம் இழப்பைக் குறைக்கும். தொலைவிலுள்ள மையம் பெரும் இடரிலிருந்து காக்கும். இரண்டு நன்மைகளையும் ஒரே மையத்தில் பெற இயலாது. மிக முக்கியமான முறைமைகளுக்கு அருகில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக இரண்டு மாற்றிடங்கள் அமைப்பதன் காரணம் இதுவே.

கம்பித் தடத்தின் கொள்ளளவையும் கணக்கிட வேண்டும். ஓர் அலுவலகத்தின் இயந்திரங்களில் நாளொன்றுக்கு 100 கிகாபைட் மாறுவதாகக் கொள்க. அதாவது 800 கிகாபிட். அது 24 மணிக்கும் சமமாகப் பரவினால் விநாடிக்கு ஏறத்தாழ 9.3 மெகாபிட் தடம் போதும். அலுவல் நேரமான 8 மணிக்குள் அடங்கினால் ஏறத்தாழ 28 மெகாபிட் வேண்டும். தடம் சிறிதாயின் படி நாள்தோறும் பின்தங்கும். பின்தங்குவதை எவரும் காணாவிடில், இடர் நேரும் நாளிலேதான் அது வெளிப்படும்.

திரும்பக் கொணர்வதற்கும் இக்கணக்கு பொருந்தும். 858 டெராபைட் தரவை விநாடிக்கு 1 கிகாபிட் செல்லும் தடத்தில், இடையீடின்றி அனுப்பினாலும் ஏறத்தாழ 79 நாட்கள் ஆகும். ஆகவே பெரும் தரவுக்குப் படியை மட்டும் தொலைவில் வைத்தால் போதாது. அப்படி இருக்கும் இடத்திலேயே இயந்திரத்தை எழுப்ப வழி வேண்டும்.

5. படியின் ஒழுங்கு

குமாஸ்தா ஒருவர் ஏட்டில் ஒரு வரியைப் பாதி எழுதியிருக்கும்போது அப்பக்கத்தைப் புகைப்படம் எடுத்தால், படத்திலும் பாதி வரியே இருக்கும். இயங்கும் இயந்திரத்தைத் திடீரெனப் படியெடுப்பதும் அத்தகையதே. மின்சாரம் நின்று மீண்ட கணிப்பொறியைப் போல அப்படி எழும். பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். சிற்சில வேளைகளில் இயலாது போகும். படியெடுக்கும் முன் தரவுத்தளத்திற்கு அறிவிப்புத் தந்து, தொடங்கிய பதிவுகளை முடிக்கச் செய்து, ஒரு கணம் நிறுத்திப் பின் படியெடுப்பது மேலான முறை.

ஓர் அலுவல் பெரும்பாலும் ஒரே இயந்திரத்தில் அடங்குவதில்லை. தரவுத்தளம் ஓர் இயந்திரத்திலும், விதிகளைச் செயற்படுத்தும் நிரல் மற்றொன்றிலும், மக்கள் காணும் பக்கங்கள் மூன்றாவதிலும் இருக்கும். இம்மூன்றையும் ஒரே கணத்து நிலையில் படியெடுத்தல் வேண்டும். இல்லையேல், பணம் வழங்கியதாக ஓர் இயந்திரமும் வழங்கவில்லையென மற்றொன்றும் கூறும். எழுப்பும்போதும் வரிசை உண்டு: முதலில் வலையமைப்பும் பயனர் அடையாளம் சரிபார்க்கும் முறைமையும், அடுத்துத் தரவுத்தளம், பின்னர் நிரல், இறுதியில் பக்கங்கள்.

6. மையம் விட்டு மையம் மாறுதல்

மாறுதலின் முதற் படி பொறியைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது. ‘இது பேரிடர்’ என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இன்னும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் மணிகள் கழிவது இயல்பு.

2021 பிப்ரவரி 24ஆம் நாள் இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் காலை 11:40 மணிக்கு வாணிபம் நின்றது. பிற்பகல் 3:45 மணிக்கே மீண்டும் தொடங்கிற்று. அச்சந்தைக்குச் சென்னையில் ஒரு மாற்று மையம் இருந்தது. எனினும் வாணிபம் அங்கு மாற்றப்படவில்லை. அதற்கடுத்த மாதம், ஒழுங்குமுறை வாரியமான செபி விதிகளைக் கடுமையாக்கியது. முக்கிய முறைமை நின்றால் 30 நிமிடத்திற்குள் பேரிடரென அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்திற்குள் அலுவல் மீள வேண்டும். இழப்பு எல்லை 15 நிமிடம். மாற்று மையம் முதல் மையத்திலிருந்து குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளி இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடங்கும். எவ்வகைக் கணிப்பொறியைக் கொண்ட அலுவலுக்கும் இவற்றின் கருத்துப் பொருந்தும்.

இரண்டாவது அபாயம் ‘இரு தலை நிலை’. மையங்களுக்கு இடையேயுள்ள தடம் மட்டும் அறுந்தால், மாற்று மையம் முதல் மையம் இறந்ததெனக் கருதித் தானே பொறுப்பேற்கக்கூடும். அப்போது இரண்டு மையங்களும் தாமே மூலமென்று எண்ணி வெவ்வேறு பதிவுகளை எழுதும். அவற்றைப் பின்னர் ஒன்றாக்குவது மிகக் கடினம். இதனைத் தவிர்க்க, மூன்றாவது இடத்தில் சாட்சியாக ஒரு சிறு முறைமை வைப்பர். முதல் மையம் உண்மையில் எவர்க்கும் எட்டவில்லையா என்பதை அஃது உறுதி செய்த பின்பே மாறுதல் நிகழும்.

மூன்றாவது, முகவரி. மக்கள் ஒரு பெயரைத் தட்டச்சு செய்கின்றனர். அப்பெயருக்குரிய எண் முகவரியை வலையமைப்பின் பெயர்ப் பதிவேடு தருகிறது. மையம் மாறினால் எண்ணும் மாறும். பழைய எண்ணை 24 மணி நேரம் நினைவில் வைக்குமாறு கட்டளை இருந்தால், இயந்திரம் மீண்டும் மக்களுக்கு எட்டாது. அந்நேரத்தை முன்கூட்டியே சில நிமிடங்களாகக் குறைத்தல் வேண்டும்.

நான்காவது, மாறுவதற்குரிய கருவிகளே அழிதல். 2022 அக்டோபர் 15ஆம் நாள் தென்கொரியாவின் பாங்கியோ பகுதியில் ஒரு தரவு மையத்தில் தீ நேர்ந்தது. அந்நாட்டு மக்கள் பெரிதும் பயன்படுத்தும் ககாவோ நிறுவனத்தின் பணிகள் முழுமையாக மீள 127 மணி 30 நிமிடம் ஆயிற்று. பிற இடங்களிலும் சர்வர்கள் இருந்தன. ஆனால் அலுவலை அங்கு மாற்றுவதற்குரிய இயக்கக் கருவிகளுக்கு வெளியிடத்தில் இரட்டை இல்லை. சாவி வீட்டினுள் இருக்க, கதவு வெளியே பூட்டிக்கொண்ட நிலை அது. மீட்புக் கையேடு, கடவுச்சொற்கள், மறையாக்கச் சாவிகள் ஆகியவை முதல் மையத்திற்கு வெளியே, இயன்றால் அச்சுப்படியாகவும், பாதுகாப்பாக இருத்தல் வேண்டும்.

7. தீங்கும் படியெடுக்கப்படும்

படியெடுக்கும் கருவி நன்மை தீமை அறியாது. முதல் மையத்தில் ஒருவர் தவறுதலாக ஒரு பட்டியலை அழித்தால், அவ்வழிவும் சில விநாடிகளில் மாற்று மையத்தை அடையும். தரவை மறையாக்கிப் பணம் பறிக்கும் நச்சு நிரலின் வேலையும் அவ்வாறே பரவும். ஆகவே உடனுக்குடன் எடுக்கும் படி, காப்புப் படிக்கு ஈடாகாது. பழைய நாட்களின் படிகள், எவரும் மாற்றவோ அழிக்கவோ இயலாத நிலையில், வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்படுதல் வேண்டும்.

2022 நவம்பர் 23ஆம் நாள் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் கணினி முறைமை இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு மறையாக்கப்பட்டது. நோயாளிகளைப் பதிவு செய்தல், பரிசோதனை முடிவுகளை வழங்குதல் முதலியவை ஏறத்தாழ இரு வாரம் காகிதத்திலும் பேனாவிலும் நடந்தன. பாதிக்கப்படாத ஒரு காப்புச் சர்வர் இருந்தமையால், இ-ஹாஸ்பிடல் முறைமையின் தரவு முழுவதும் அதிலிருந்து மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள. தனித்து நின்ற படி தரவைக் காத்தது. காகிதத்தில் அலுவலைத் தொடர்ந்த ஊழியர்கள் நோயாளிகளைக் காத்தனர்.

8. ஒத்திகை

ஒருமுறையேனும் எழுப்பிப் பார்க்கப்படாத படியை நம்புதல் கூடாது. கோப்பு சிதைந்திருக்கலாம், சாவி காலாவதியாகியிருக்கலாம், மாற்று மையத்தில் இடம் போதாதிருக்கலாம். மெய்நிகர் இயந்திரங்களில் ஒத்திகை எளிது. படியைத் தனித்த வலையமைப்பில் எழுப்பி, மூல முறைமைக்கு ஊறின்றிச் சோதித்து, பின்னர் அழித்துவிடலாம்.

இதனினும் உயர்ந்தது உண்மை அலுவலையே மாற்றிப் பார்ப்பது. 2024 மார்ச் 2ஆம் நாள், வழக்கமாக விடுமுறையான சனிக்கிழமையன்று, இந்தியப் பங்குச் சந்தைகள் சிறப்பு வாணிபம் நடத்தின. காலை 9:15 முதல் 10 மணி வரை முதல் மையத்திலும், 11:30 முதல் 12:30 வரை மாற்று மையத்திலும் மெய்யான வாணிபம் நடைபெற்றது. ஒத்திகையின் முடிவில் மூன்று செய்திகள் எழுதப்படுதல் வேண்டும்: எழ எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனை பதிவுகள் குறைந்தன, எந்த வேலைக்கு ஆள் தெரியாமல் நின்றது. இறுதியில், முதல் மையத்திற்குத் திரும்புதலையும் ஒத்திகை பார்த்தல் வேண்டும். மாற்று மையத்தில் எழுதப்பட்ட புதிய பதிவுகளைத் திரும்பக் கொண்டுவராமல் பழைய இயந்திரத்தை எழுப்பினால், மீட்பே இரண்டாவது இழப்பாகிவிடும்.

9. களப் பணியாளரின் பங்கு

இவை யாவும் தலைநகரத்துப் பொறியாளரின் வேலை என்று கருதலாகாது. அலுவல் மாற்று மையத்தில் எழும்போது, இழப்பு எல்லைக்குள் அடங்கிய சில நிமிடப் பதிவுகள் இல்லாமற் போகலாம். எந்தப் பதிவு போயிற்று என்பதைப் பொறி பெரும்பாலும் அறியாது. அதன் பார்வையில் அப்பதிவு பிறக்கவேயில்லை. அதனை அறிபவர் அப்பதிவைச் செய்த ஊழியரும், ஒப்புகைச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் பொதுமக்களுமே. ஆதலின் பின்வரும் பழக்கங்கள் களப் பணியாளருக்கு இன்றியமையாதன.

(அ) ஒவ்வொரு பதிவுக்கும் எண்ணும் நேரமும் குறித்த ஒப்புகைச் சீட்டு வழங்குதல். அவ்வெண்களை ஒரு நாட்குறிப்பில் எழுதுதல்.

(ஆ) முறைமை நின்றால் பயன்படுத்தத் தொடர் எண்ணிட்ட காகிதப் படிவங்களை ஆயத்தமாக வைத்திருத்தல்.

(இ) முறைமை மீண்டவுடன், நிற்பதற்கு முன் செய்த கடைசிப் பதிவுகள் உள்ளனவா என்று நாட்குறிப்புடன் ஒப்பிடுதல். குறைந்தவற்றை எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே மீண்டும் பதிதல்.

(ஈ) அலுவலகக் கணிப்பொறியில் மட்டும் உள்ள கோப்புகளுக்கு, விதிகள் இடங்கொடுக்கும் முறையில், வேறிடத்தில் படி வைத்தல்.

(உ) தம் அலுவலின் இழப்பு எல்லை எவ்வளவு, கடைசி ஒத்திகை என்று நடந்தது என்பவற்றை மேலதிகாரி வாயிலாகக் கேட்டறிதல்.

காகிதச் சீட்டுப் பழைய வழக்கம் என்று தள்ளத்தக்கதன்று. ஐந்து நிமிடப் பதிவு பட்டியலில் ஒரு புள்ளியாகத் தோன்றலாம். அந்த ஐந்து நிமிடத்தில் பெயர் பதிந்த விதவைக்கு அதுவே ஓராண்டு உதவித்தொகை.

10. வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கணிப்பொறி இன்றியே விளக்கலாம். வகுப்பின் இரு மூலைகளில் இரண்டு மாணவர்களை நோட்டுப் புத்தகத்துடன் அமர்த்துக. மூன்றாம் மாணவர் தூதர், நான்காமவர் மணியடிப்பவர். ஆசிரியர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, முதல் மாணவர் எழுதுவார்.

முதற் சுற்றில், தூதர் ஒவ்வோர் எண்ணையும் மறு மூலைக்குக் கொண்டு சென்று, எழுதுவித்துத் திரும்பிய பின்னரே அடுத்த எண் சொல்லப்படும். இரண்டாம் சுற்றில், ஐந்து எண்களுக்கு ஒருமுறை தூதர் செல்வார். ஆசிரியர் காத்திருக்க வேண்டுவதில்லை. முன்னறிவிப்பின்றி மணி அடித்தவுடன் முதல் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடுக. இரண்டாவது புத்தகத்தில் எத்தனை எண்கள் குறைகின்றன என்று எண்ணுக. முதற் சுற்றில் வேகம் குறைவு, இழப்பும் குறைவு. இரண்டாவதில் வேகம் மிகுதி, இழப்பும் மிகுதி. பின்னர் ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பிழையான எண்ணைச் சொல்க. பிழை இரண்டு புத்தகங்களிலும் இருப்பதை மாணவர்களே காண்பர்.

பயிற்சி வினாக்கள்

1. மெய்நிகர் இயந்திரத்தை வேறு சர்வரில் எழுப்ப இயல்வது ஏன்?

2. இரண்டு மையங்களுக்கு இடையே இழையின் நீளம் 300 கிலோமீட்டர். செய்தி சென்று திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகும்? ஒன்றன்பின் ஒன்றாக, உடனுக்குடன் படியெடுத்தால் விநாடிக்கு அதிகபட்சம் எத்தனை பதிவுகள் செய்யலாம்? (விடை: 3 மில்லி விநாடி, ஏறத்தாழ 333 பதிவுகள்.)

3. ஸ்திராஸ்பூர்க், பாங்கியோ, தேஜோன் ஆகிய மூன்று தீ நிகழ்ச்சிகளில் குறைவாக இருந்தவை எவை? ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் எழுதுக.

4. உடனுக்குடன் எடுக்கும் படி இருந்தும் தனித்த காப்புப் படி ஏன் வேண்டும்?

5. பள்ளியின் வருகைப் பதிவேட்டுக்கும் தேர்வு மதிப்பெண் பட்டியலுக்கும் தக்க இழப்பு எல்லையையும் மீட்பு நேர எல்லையையும் காரணத்துடன் வகுக்க.